மதர்போர்டில் உள் யூஎஸ்பி ஹெடர் போதவில்லை: ஹப் வாங்குவதா, வேறு வழி இருக்கிறதா?

காட்பாடி மாணவன்

அனைவருக்கும் வணக்கம். கல்லூரி புராஜெக்ட் வேலைக்காகவும் வீடியோ எடிட்டிங்குக்காகவும் ஒரு டெஸ்க்டாப்பை நானே பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிக்கொண்டிருக்கிறேன். பிராசஸர், ரேம், மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டி எல்லாம் உட்கார்ந்துவிட்டன. வயர் இணைக்கும் கட்டத்தில் வந்து நிற்கிறேன். என்னுடைய மைக்ரோ ஏடிஎக்ஸ் மதர்போர்டில் ஒன்பது பின் கொண்ட யூஎஸ்பி 2.0 ஹெடர்கள் (கேபிள் மாட்டும் ஊசி வரிசைகள்) இரண்டே இரண்டுதான் இருக்கின்றன. ஆனால் அவற்றில் மாட்ட வேண்டிய கேபிள்கள் ஐந்து இருக்கின்றன: கேபினெட்டின் முன்பக்க யூஎஸ்பி 2.0 கேபிள், லிக்விட் கூலரின் கேபிள், ஃபேன்களுக்கும் விளக்குகளுக்குமான கன்ட்ரோலரின் கேபிள், வைஃபை கார்டிலிருந்து வரும் புளூடூத் கேபிள், கார்டு ரீடரின் கேபிள். பத்தொன்பது பின் கொண்ட யூஎஸ்பி 3.0 ஹெடர் ஒன்று தனியாக இருக்கிறது. அதைக் கேபினெட்டின் முன்பக்க 3.0 போர்ட்டுகள் எடுத்துக்கொண்டுவிட்டன.

விலை உயர்ந்த போர்டாக மாற்றிக்கொள்ளச் சொல்கிறார் கடைக்காரர். போர்டை மாற்றுவதற்கு என்னிடம் பணம் இல்லை. ஒரு ஹெடரைப் பலவாகப் பிரித்துத் தரும் உள் ஹப் ஒன்று வாங்கினால் போதுமா, அல்லது இதில் நான் கவனிக்காத வேறு ஏதாவது இருக்கிறதா என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

சத்துவாச்சாரிப் பட்டறை

தம்பி, போர்டையும் மாற்ற வேண்டாம், ஹப்பையும் இப்போதே வாங்க வேண்டாம். முதலில் கேபிள்களைக் கையில் எடுத்து, ஒவ்வொரு பிளக்கிலிருந்தும் எத்தனை வயர் வெளியே வருகிறது என்று பாருங்கள்.

ஒன்பது பின் ஹெடர் என்பது ஒரு போர்ட் அல்ல, இரண்டு போர்ட். மேல் வரிசையில் ஒன்று, கீழ் வரிசையில் ஒன்று என்று இரண்டு தனித்தனி யூஎஸ்பி இணைப்புகள் ஒரே இடத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒற்றைப்படை எண் வரிசையில் 1-ஆம் பின் 5 வோல்ட், 3-உம் 5-உம் டேட்டா, 7 கிரவுண்ட். இரட்டைப்படை வரிசையில் 2, 4, 6, 8 என்று அதே நான்கும் அதே வரிசையில் வருகின்றன. 9-ஆவது பின் இருக்காது, பிளக்கைத் திருப்பி மாட்டிவிடக் கூடாது என்பதற்காக அந்த இடம் காலியாக விடப்பட்டிருக்கிறது. 10-ஆவது பின்னுக்கு வேலை இல்லை.

கேபினெட்டின் முன்பக்கக் கேபிள் இரண்டு வரிசைகளையும் பயன்படுத்தும், ஏனென்றால் முன்னால் இரண்டு போர்ட்டுகள் இருக்கின்றன. ஆனால் கூலர், கன்ட்ரோலர், புளூடூத் போன்றவற்றுக்கு ஒரு போர்ட்தான் தேவை. அந்தக் கேபிள்களின் முனையில் ஒன்பது துளை பிளக் இருந்தாலும், உள்ளே சிவப்பு, வெள்ளை, பச்சை, கறுப்பு என்று நான்கு வயர்கள் மட்டுமே இருக்கக்கூடும். மீதித் துளைகள் வெறும் பிளாஸ்டிக். அந்த வெறும் பிளாஸ்டிக்தான் போர்டில் ஒரு நல்ல போர்ட்டை அடைத்துக்கொண்டு நிற்கிறது. ஆகவே ஹெடர்களை எண்ணாமல் போர்ட்டுகளை எண்ணுங்கள். உங்களிடம் இருப்பது இரண்டு அல்ல, நான்கு.

ராணிப்பேட்டை வாசகர்

பட்டறைக்காரர் சொல்வது சரியான விவரம்தான், ஆனால் நடைமுறையில் உள் ஹப்தான் நிம்மதியான தீர்வு என்பது என் கருத்து. ஒரு ஹெடரில் மாட்டினால் மூன்று நான்கு ஹெடர்கள் கிடைக்கின்றன, நாளைக்கு இன்னொரு கருவி வந்தாலும் கவலை இல்லை. வாங்கும்போது ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: ஹப்புக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் சாட்டா, மோலெக்ஸ் ஆகிய மின் பிளக்குகளில் ஒன்றின் வழியாக நேரடி மின்சாரம் வர வேண்டும். யூஎஸ்பி 2.0 போர்ட் ஒன்றுக்கு 500 மில்லி ஆம்பியர்தான் வரையறை. தனி மின்சாரம் இல்லாத ஹப்பானது அந்த 500-ஐத் தானும் தின்று, தன் கீழே இருக்கும் ஒவ்வொரு போர்ட்டுக்கும் 100 மில்லி ஆம்பியர் மட்டுமே பங்கிட்டுக் கொடுக்க முடியும். கார்டு ரீடருக்கு அது போதாமல் போகலாம்.

மோலெக்ஸிலிருந்து சாட்டாவாக மாற்றும் கன்வெர்ட்டர் போட நேர்ந்தால், வயரோடு சேர்த்துப் பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த வகையை வாங்காதீர்கள். அவற்றுக்குள் வயர்கள் ஒன்றையொன்று தொட்டுத் தீப்பிடித்ததாகப் பலரும் படம் போட்டிருக்கிறார்கள்.

காட்பாடி மாணவன்

இருவருக்கும் நன்றி. பட்டறை ஐயா சொன்னபடி எல்லாப் பிளக்குகளையும் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். கூலரின் பிளக்கில் நான்கு வயர்கள், கன்ட்ரோலரில் நான்கு, கார்டு ரீடரில் நான்கோடு ஒரு ஷீல்டு வயர், புளூடூத்தில் நான்கு. முன்பக்கக் கேபிளில் மட்டும் இரண்டு வரிசையிலும் வயர் இருக்கிறது. எல்லாவற்றையும் போர்ட்டாகக் கணக்கிட்டால் எனக்குத் தேவை ஆறு, கையில் இருப்பது நான்கு. அப்படியும் இரண்டு குறைகிறதே?

சத்துவாச்சாரிப் பட்டறை

முன்பக்க யூஎஸ்பி 2.0 கேபிளை மாட்டாமல் விட்டுவிடுங்கள். கேபினெட்டின் முகப்பில் யூஎஸ்பி 3.0 போர்ட்டுகள் இரண்டு இருப்பதாகச் சொன்னீர்கள். பென்டிரைவ், மொபைல் கேபிள் எல்லாவற்றுக்கும் அவை போதும். கீபோர்டும் மவுஸும் பின்பக்கம் போகட்டும். இப்போது தேவை நான்கு, இருப்பதும் நான்கு. மிச்சமிருப்பது, ஒரு ஹெடரில் இரண்டு கருவிகளை மாட்டுவது எப்படி என்ற ஒன்றுதான்.

அதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, ஹெடரின் இரண்டு வரிசைகளையும் இரண்டு தனிப் பிளக்குகளாகப் பிரித்துக் கொடுக்கும் சாதாரண ஸ்ப்ளிட்டர் கேபிள். இரண்டாவது, பிளக்கில் வயர் இருக்கும் இடத்தை மாற்றுவது. நான் கடையில் செய்வது இரண்டாவதுதான், ஆனால் கூலரின் சொந்தக் கேபிளில் கை வைப்பதில்லை, ஏனென்றால் வாரண்டி கேட்டுப் போகும்போது வெட்டுப்பட்ட பிளக்கைக் காட்டி மறுத்துவிடுவார்கள். அதற்குப் பதிலாக, ஒன்பது பின் எக்ஸ்டென்ஷன் கேபிள் ஒன்றை வாங்கி அதில் மாற்றம் செய்ய வேண்டும்.

போர்டின் பக்கம் வரும் முனையைக் கையில் எடுங்கள். கறுப்புப் பிளாஸ்டிக்கின் பக்கவாட்டில், ஒவ்வொரு துளைக்கும் நேராக ஒரு சின்ன பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். புடவைக்குக் குத்தும் ஊக்கின் முனையால் அந்த நாக்கை ஒரு மயிரிழை தூக்கிப் பிடித்துக்கொண்டு வயரை மெதுவாக இழுத்தால், உலோக முனை வளையாமல் வெளியே வந்துவிடும். நாக்கை அதிகம் தூக்கினால் ஒடிந்துவிடும், பிறகு வயர் நிற்காது. இப்படி நான்கையும் வெளியே எடுத்து, ஐந்து துளைகள் ஒரே வரிசையில் இருக்கும் ஒற்றைப் பிளக்கில் சிவப்பு, வெள்ளை, பச்சை, கறுப்பு என்ற அதே வரிசையில் நுழைத்தால் உள்ளே டக்கென்று பூட்டிக்கொள்ளும். இரண்டு எக்ஸ்டென்ஷன்களை இப்படிச் செய்துவிட்டால் ஒரே ஹெடரில் அருகருகே இரண்டு ஒற்றைப் பிளக்குகள் உட்காரும்.

மாட்டுவதற்கு முன் மல்டிமீட்டரை வைத்து 1-க்கும் 7-க்கும் இடையிலும், 2-க்கும் 8-க்கும் இடையிலும் 5 வோல்ட் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். ஒற்றைப் பிளக்கில் அடைப்புத் துளை கிடையாது, ஆகவே அதைத் தலைகீழாகவும் மாட்ட முடியும். தலைகீழாகப் போனால் கருவி போய்விடும். சிவப்பு வயர் எந்தப் பக்கம் என்று போர்டின் கையேட்டைத் திறந்து வைத்துக்கொண்டுதான் மாட்ட வேண்டும்.

வாலாஜாக்காரர்

ஸ்ப்ளிட்டர் வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும் ஸ்ப்ளிட்டர்களில் மூன்று சாதிகள் உண்டு. வரிசைகளைச் சரியாகப் பிரித்துக் கொடுப்பவை ஒன்று. ஒரே டேட்டா ஜோடியை இரண்டு பிளக்குகளுக்கும் சேர்த்துக் கட்டிவைத்திருப்பவை இன்னொன்று. இவை ஒருபோதும் வேலை செய்யாது. யூஎஸ்பி இணைப்பில் ஒரு முனையில் கணினி, மறுமுனையில் ஒரே ஒரு கருவி என்பதுதான் அமைப்பு. ஒரே ஜோடியில் இரண்டு கருவிகள் பேசினால் எதுவும் விளங்காது, விண்டோஸ் ‘கருவியை அடையாளம் காண முடியவில்லை’ என்றுதான் சொல்லும். மூன்றாவது வகையில் கேபிளின் நடுவே சிறிய சர்க்யூட் ஒன்று இருக்கும். அது பெயரளவில் ஸ்ப்ளிட்டர் என்றாலும் உண்மையில் ஹப்.

முதல் வகையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. சில கருவிகளின் பிளக்கில் வயர்கள் ஒற்றைப்படை வரிசையில் இருக்கும், சிலவற்றில் இரட்டைப்படை வரிசையில் இருக்கும். ஸ்ப்ளிட்டர் எந்த வரிசையில் உயிர் கொடுக்கிறதோ அந்த வரிசையில் கருவியின் வயர் இல்லாவிட்டால் அந்தக் கருவி ஊமையாக இருக்கும். கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து சென்னை ரிச்சி தெருக் கடைகளுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன் இதைப் பார்த்துவிட வேண்டும்.

ராணிப்பேட்டை வாசகர்

ஹப் பற்றி நான் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹப்பின் உள்ளே இருக்கும் சிப் எது என்று பார்த்து வாங்குவது நல்லது. கூலர், விளக்கு கன்ட்ரோலர், புளூடூத் ஆகியவை பெரும்பாலும் 12 மெகாபிட் வேகத்தில் பேசும் கருவிகள், ஹப்போ கணினியுடன் 480 மெகாபிட் வேகத்தில் பேசுகிறது. இடையில் மொழிபெயர்க்கும் பகுதி சில சிப்களில் எல்லாப் போர்ட்டுகளுக்கும் சேர்த்து ஒன்றே ஒன்றுதான். ஜெனசிஸ் லாஜிக் ஜிஎல்850ஜி, டெர்மினஸ் எஃப்இ1.1எஸ் ஆகியவை அப்படிப்பட்டவை. அவற்றின் கீழே இருக்கும் மெதுவான கருவிகள் எல்லாம் அந்த 12 மெகாபிட்டைத்தான் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஜிஎல்852ஜி, எஃப்இ2.1 போன்றவற்றில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனி மொழிபெயர்ப்பு இருக்கிறது. வெறும் விளக்கு மட்டும் என்றால் இந்த வேறுபாடு தெரியாது, புளூடூத் ஹெட்செட்டில் பேசிக்கொண்டே வேலை செய்பவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்று, நான்கு போர்ட் சிப்பை வைத்துக்கொண்டு நான்கு ஹெடர்கள் கொடுத்திருந்தால், ஒவ்வொரு ஹெடரிலும் ஒரு வரிசைதான் உயிரோடு இருக்க முடியும். பட்டறைக்காரர் சொன்ன போர்ட் கணக்கு ஹப்புக்கும் பொருந்தும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மாணவருக்கு நான்கு போர்ட்டே போதும் என்றால் ஹப் தேவையில்லைதான்.

குடியாத்தம் லினக்ஸ்

ஹப் போட்டாலும் போடாவிட்டாலும் புளூடூத்தை மட்டும் போர்டின் ஹெடரில் நேரடியாக மாட்டுங்கள். எது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பதற்கு லினக்ஸில் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையை மர வடிவில் காட்டும் தேர்வோடு கொடுத்தால், ஒவ்வொரு கருவியும் எந்த ஹப்பின் கீழ், எந்தப் போர்ட்டில், 12 மெகாபிட்டிலா 480 மெகாபிட்டிலா என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரின் ‘வியூ’ மெனுவில் இணைப்பு வாரியாகக் காட்டும் வசதி இருக்கிறது.

வயர்லெஸ் மவுஸின் ரிசீவரையும் உள்ளேயே மாட்டிவிடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். கேபினெட்டின் தகரம் சிக்னலை மறைத்துவிடும். அதோடு யூஎஸ்பி 3.0 இணைப்புகள் எழுப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகளைப் பாதிக்கிறது என்று இன்டெல் 2012-இலேயே அறிக்கை வெளியிட்டிருக்கிறது.

மாணவருக்கு ஒரு கேள்வி: லிக்விட் கூலர் எதற்காக?

காட்பாடி மாணவன்

வேலூர் வெயிலுக்காகத்தான் அண்ணா. மே மாதத்தில் எங்கள் மாடி அறையில் ஃபேனே அனல் காற்றைத்தான் வீசுகிறது.

குடியாத்தம் லினக்ஸ்

வெளியே 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் இந்தக் கவலை நியாயமானதே. ஆனால் லிக்விட் கூலரும் காற்றுக் கூலரும் அறையின் வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோக முடியாது. உயரமான நல்ல காற்றுக் கூலர் ஒன்றுக்கு யூஎஸ்பியே வேண்டாம், ஃபேன் ஹெடர் ஒன்று போதும். ஏற்கெனவே வாங்கிவிட்டதால் மாற்றச் சொல்லவில்லை, இனி வாங்கப் போகிறவர்களுக்காகச் சொல்கிறேன். உங்கள் கூலரிலும் யூஎஸ்பி எதற்கு என்று கையேட்டில் பாருங்கள். சில மாடல்களில் பம்பின் மின்சாரமும் வேகமும் ஃபேன் ஹெடர் வழியாகவே போகும், யூஎஸ்பி விளக்கு நிறத்துக்கு மட்டும்தான். அப்படியானால் நிறத்தை ஒருமுறை அமைத்துவிட்டுக் கேபிளைக் கழற்றிவிடலாம். அமைப்பைத் தன் நினைவகத்திலேயே வைத்துக்கொள்ளும் மாடலாக இருந்தால் அது அப்படியே இருக்கும்.

ஆம்பூர் டிசைன்

இந்த இழையில் என் தேவையையும் கேட்கிறேன், அதுவும் உள் யூஎஸ்பி பற்றியதுதான். நாங்கள் ஷூ மேல்பாகத்துக்குப் பேட்டர்ன் வரையும் சிறிய நிறுவனம். அந்த மென்பொருள் திறக்க வேண்டுமானால் யூஎஸ்பி லைசென்ஸ் கீ மாட்டியிருக்க வேண்டும். விரல் அளவுள்ள பொருள் அது. தொலைந்தால் லைசென்ஸையே மறுபடி வாங்க வேண்டியதாகிவிடும். வெளியே மாட்டிவைத்தால் நாற்காலி இடித்து வளைகிறது, யாராவது பென்டிரைவ் என்று நினைத்துப் பிடுங்கிவிடுகிறார்கள். கேபினெட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட முடியுமா? எங்கள் போர்டில் ஒரே ஒரு ஒன்பது பின் ஹெடர்தான் இருக்கிறது, அதில் முன்பக்கக் கேபிள் இருக்கிறது.

சத்துவாச்சாரிப் பட்டறை

தாராளமாக முடியும் ஐயா. தோல் கம்பெனிகளுக்கு இதை நிறையச் செய்து கொடுத்திருக்கிறேன். ஒன்பது பின் ஹெடரில் நேராக உட்காரும் அடாப்டர் கிடைக்கிறது, அதன் மறுபக்கம் வழக்கமான யூஎஸ்பி வாய் இரண்டு இருக்கும். ஒன்றில் கீயை மாட்டிக் கேபினெட்டின் பக்கக் கதவைப் பூட்டிவிடலாம். போர்டின் மேல் நிற்கும் வகையைவிட, அரை அடி வயரோடு வரும் வகை நல்லது. கீயை கிராஃபிக்ஸ் கார்டின் சூட்டிலிருந்து தள்ளி, கேபினெட்டின் அடிப்பக்கத்தில் டை போட்டுக் கட்டலாம்.

இந்தக் கீயை எக்காரணம் கொண்டும் ஹப்பில் மாட்டாதீர்கள். ஹப்பின் மின்சாரம் ஒரு கணம் தடுமாறினால் அதன் கீழே இருப்பவை எல்லாம் துண்டித்துப் பிறகு மறுபடி இணையும். விளக்கு ஒருமுறை மினுக்கினால் யாருக்கும் நஷ்டமில்லை. கீ ஒரு நொடி காணாமல் போனால், மென்பொருள் பாதி வரைந்த பேட்டர்னோடு நின்றுவிடக்கூடும். ஆகவே ஹெடரில் கீ நேரடியாக உட்காரட்டும். முன்பக்கப் போர்ட்டுகள் தேவை என்றால், அந்தக் கேபிளுக்கு வேறு வழி பார்க்கலாம்.

ஆற்காட்டு வாசகி

அந்த வேறு வழியை நான் சொல்கிறேன். ஆம்பூர்க்காரரின் போர்டில் பத்தொன்பது பின் 3.0 ஹெடர் காலியாக இருந்தால், அதை ஒன்பது பின்னாக மாற்றும் அடாப்டரை அதில் போட்டு முன்பக்கக் கேபிளை மாட்டலாம். 3.0 ஹெடருக்குள் யூஎஸ்பி 2.0 வயர்களும் இரண்டு ஜோடிகள் இருக்கின்றன, அடாப்டர் அவற்றை மட்டும் வெளியே கொண்டுவருகிறது. ஆனால் கடையில் இதற்கு நேர்மாறான அடாப்டரும் அதே பெயரில் தொங்கும், கேபினெட்டின் 3.0 கேபிளைப் பழைய போர்டின் 2.0 ஹெடரில் மாட்டுவதற்கானது அது. போர்டில் உட்காரும் பக்கம் பத்தொன்பது துளைகளும், கேபிள் வரும் பக்கம் ஒன்பது ஊசிகளும் இருக்க வேண்டும் என்று சொல்லி வாங்குங்கள்.

டைப்-சி கேபினெட்டுக்கான சிறிய ஹெடர் சும்மா கிடந்தால் அதிலிருந்தும் எடுக்கலாம், ஆனால் அதில் 2.0 ஜோடி ஒன்றுதான் உண்டு. எதுவுமே காலியில்லை என்றால், போர்டில் கூடுதல் கார்டுகளை மாட்டும் பிசிஐஇ ஸ்லாட்டில் போடும் யூஎஸ்பி கார்டுகளில் உள்பக்கம் பத்தொன்பது பின் ஹெடரோடு வருபவை இருக்கின்றன. அதைவிட எளியது, ஒன்பது பின்னைச் சாதாரண யூஎஸ்பி முனையாக மாற்றும் கேபிளை ஸ்லாட் இடைவெளி வழியாக வெளியே விட்டு, பின்பக்கப் போர்ட்டிலேயே மாட்டிவிடுவது. அழகு குறைவு; வேலை சரியாக நடக்கும்.

பழைய கணினியை எடுத்துச் செய்பவர்களுக்கு மட்டும்: முன்பக்க ஆடியோ ஹெடரும் இதே உருவத்தில்தான் இருக்கும், அதில் 8-ஆவது பின் இல்லை, யூஎஸ்பியில் 9-ஆவது இல்லை. மிகப் பழைய போர்டுகளில் ஃபயர்வயர் என்ற வேறு வகை இணைப்பின் ஹெடரும் இதே ஒன்பது பின் உருவத்தில் இருந்தது. அதில் வருவது 12 வோல்ட். யூஎஸ்பி கருவியை அதில் மாட்டினால் அந்த நொடியே கருகிவிடும்.

காட்பாடி மாணவன்

எல்லாம் முடிந்தது, எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. முன்பக்க 2.0 கேபிளைச் சுருட்டிக் கட்டிவிட்டேன். ஒரு ஹெடரில் புளூடூத்தும் கார்டு ரீடரும், இன்னொன்றில் கூலரும் கன்ட்ரோலரும். எக்ஸ்டென்ஷன் கேபிள்களின் முனைகளை மாற்றித்தான் செய்தேன். மல்டிமீட்டரைப் பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் அண்ணன் கொடுத்தார். டிவைஸ் மேனேஜரில் நான்கும் ஹப் எதுவும் இடையில் இல்லாமல் தெரிகின்றன.

ஒரே ஒரு சந்தேகம். கணினியை ஷட் டவுன் செய்த பிறகும் கூலரின் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. வயரை மாற்றியதில் ஏதாவது தவறாகிவிட்டதா?

சத்துவாச்சாரிப் பட்டறை

தவறு எதுவும் இல்லை தம்பி. கணினி அணைந்தாலும் எஸ்எம்பிஎஸ் ஒரு 5 வோல்ட்டைக் காத்திருப்பு மின்சாரமாகக் கொடுத்துக்கொண்டே இருக்கும், பல போர்டுகளில் அது யூஎஸ்பி ஹெடர்களுக்கும் போகும். பயாஸுக்குள் (கணினி தொடங்கும்போது திறக்கும் போர்டின் அமைப்புத் திரை) போய், மின்சாரம் தொடர்பான பகுதியில் ‘ஈஆர்பி’ என்ற அமைப்பை இயக்குங்கள், விளக்கு அணைந்துவிடும். அதை இயக்கினால், அணைந்த கணினியிலிருந்து மொபைல் சார்ஜ் ஏறாது, கீபோர்டைத் தட்டிக் கணினியை எழுப்பவும் முடியாது. அந்த இரண்டும் வேண்டும் என்றால், விளக்கை அணைக்க எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்க சுவிட்சையே பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

யூபிஎஸ் வைத்திருந்தால் அதன் டேட்டா கேபிளுக்குப் பின்பக்கத்தில் ஒரு போர்ட்டை ஒதுக்கிவிடுங்கள். கோடையில் கரண்ட் போகும்போது, பேட்டரி தீர்வதற்கு முன் கணினி தானாகவே ஒழுங்காக அணைய வேண்டுமானால் அந்தக் கேபிள் மாட்டியிருக்க வேண்டும்.